கலந்தால் குப்பை, பிரித்தால் சரக்கு

(நாகர்கோவிலில் குடியிருப்போர் சங்கத்தினர், தூய்மைப் பணியாளர்கள், மீனவப் பிரதிநிதிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோருக்கு வணக்கம்.

உலகத்து ஊர்களும் நகரங்களும் 2023இல் போட்ட குப்பை ஏறத்தாழ 210 கோடி டன். இது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு. இப்படியே போனால் 2050இல் அது 380 கோடி டன் ஆகுமாம். இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் மலைப்பு வரும், கூடவே "நாம ஒருத்தர் என்ன செய்ய முடியும்" என்ற சோம்பலும் வரும். ஆகவே அதை இங்கேயே விட்டுவிட்டு, ஒரு சின்ன எண்ணை எடுத்துக்கொள்கிறேன். அரை சதவீதம்.

2018 தொடக்கத்தில் சீனா 24 வகைக் கழிவுகளை இனி இறக்குமதி செய்ய மாட்டோம் என்று நிறுத்தியது. வாங்க ஒப்புக்கொண்ட பெரும்பாலான வகைகளுக்கும் ஒரு நிபந்தனை வைத்தது: கட்டுக்குள் வேண்டாத பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் மறுசுழற்சி என்று பெயரிட்டு அனுப்பிக்கொண்டிருந்த மூட்டைகளில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டியவை. எச்சில் டப்பாவும் ஈரக் காகிதமும் உடைந்த கண்ணாடியும் ஒன்றாக அமுக்கிய கட்டுகள் அவை. சீனா கதவை அடைத்ததும் அவை மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா என்று இடம் தேடி அலைந்தன. இந்தியா 2019இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டது. அபாயக் கழிவு கடத்தலைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையில் பிளாஸ்டிக்குக்கென்று ஒரு திருத்தம் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுத்தமாக, வகை பிரித்து வந்தால் அது வணிகச் சரக்கு. கலந்தும் அழுக்காகவும் வந்தால், வாங்கும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது.

இரண்டு கட்டிலும் இருப்பது ஒரே புட்டி, ஒரே டப்பாதான். வித்தியாசம் கலப்பில் இருக்கிறது. உலகச் சட்டம் இப்போதுதான் ஒப்புக்கொண்ட இந்த உண்மை பழைய பொருள் வாங்கும் நம் ஊர் ஆக்கர் கடைக்காரருக்கு எப்போதோ தெரியும். அட்டை நனைந்திருந்தால் அவர் தராசையே எடுக்க மாட்டார். காற்றும் நீரும் மண்ணும் கெடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. குப்பையைப் பொறுத்தவரை முதல் காரணம் கலப்பு. எந்த நிமிடத்தில் கலக்கிறதோ அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் செலவு ஏறும், பயன் இறங்கும்.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து தொடங்குவோம். எல்லைக்கு அப்பாலிருந்து இறைச்சிக் கழிவும் உணவகக் கழிவும் மருத்துவக் கழிவும் லாரியில் வருவது நம் மாவட்டத்தில் பழைய வழக்கு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் பக்கத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பின் கேரள அரசே லாரி அனுப்பி அதை அள்ளிக்கொண்டு போனது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த லாரிக்குள் இருந்ததையும் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் சேரும் கழிவில் சுமார் 85 சதவீதம் நம் வீட்டுக் குப்பை போன்றதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். காகிதம், சாப்பாடு, புட்டி, அவ்வளவுதான். மீதி 15 சதவீதம்தான் தொற்று, ரசாயனம், கதிர்வீச்சு என்ற ஏதோ ஒரு வகையில் ஆபத்தானது. ரத்தம் நனைந்த பஞ்சு ஒன்றை அந்த 85க்குள் எறிந்துவிட்டால், சட்டப்படியும் நடைமுறைப்படியும் நூறும் ஆபத்துக் கழிவு. நூற்றையும் எரிக்கக் காசு ஆகும். எரிஉலையின் முதல் அறை 800 டிகிரியும் இரண்டாம் அறை 1,050 டிகிரியும் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி. அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் இரவு லாரி கிளம்புகிறது.

நம் வீட்டிலும் இந்த 15 சதவீதம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் ஊசியை எங்கே போடுகிறார்கள்? காலையில் வண்டி கொண்டுவரும் அம்மாவின் கையில்தான் அது ஏறும். கெட்டியான ஷாம்பு புட்டி ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, மேலே ஒட்டுநாடா சுற்றி, "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். நாப்கினையும் குழந்தையின் டயாப்பரையும் காகிதத்தில் பொதிந்து, மேலே அடையாளம் போட்டுக் கொடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்து மக்கும் குப்பை. நம் வீட்டுக் குப்பையில் பாதியோ அதற்கு மேலோ இதுதான், மேடையில் யாரும் விரிவாகப் பேசாததும் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஈரக்கழிவு சேரும். சக்கை (பலாப்பழ) சீசனில் இந்தக் கணக்குச் செல்லாது, மடல் மட்டுமே மூன்று கிலோ இருக்கும். இரண்டு தொட்டிகள் வேண்டும், ஒவ்வொன்றும் 40 முதல் 50 லிட்டர். அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையாத அளவு துளைகள். அடியில் நான்கு விரல் உயரம் தேங்காய்க் கதம்பை, அதாவது தேங்காய் மட்டைத் துண்டு. அதன் மேல் அன்றன்றைய கழிவு. ஒவ்வொரு முறையும் போட்ட கழிவின் அளவுக்குச் சமமாகக் காய்ந்த பொருள், அதாவது சருகு, மரத்தூள், தென்னை நார்க்கழிவுத் தூள் ஆகியவற்றில் ஒன்று. ஒரு தொட்டி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது ஏறக்குறைய உரமாகியிருக்கும்.

காய்ந்த பொருள் ஏன்? மக்க வைக்கும் நுண்ணுயிருக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் இருந்தால் வேலை சீராக நடக்கும். காய்கறித் தோலில் கார்பன் இதைவிடக் குறைவு, மீன் கழிவில் மிகமிகக் குறைவு. பச்சை நார்க்கழிவில் நூறு பங்குக்கு மேல். இரண்டையும் சேர்த்தால்தான் நடுவில் வந்து நிற்கும். நார்க்கழிவை மட்டும் குவித்தால், எளிதில் மக்காத லிக்னின் அதிகம் என்பதால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், சாலையோரங்களில் நீங்கள் பார்க்கும் பழுப்பு மேடுகள் அவைதான். மீன் கழிவை மட்டும் போட்டால் மிஞ்சிய நைட்ரஜன் அமோனியாவாகக் கிளம்பி மூக்கைக் குத்தும்.

இந்த மாவட்டத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஈரத்தால். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நமக்குப் பெய்கின்றன. குவியலில் ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்கலாம். அளக்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் காற்றுப்போகும் துளைகளில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள், இரண்டு நாளில் அழுகிய முட்டை நாற்றம் வரும். மருந்து தெளிக்க வேண்டாம். காய்ந்த தூளைச் சேர்த்துக் கிளறினால் ஒரு நாளில் நாற்றம் அடங்கும். பிடித்த பிடி உதிர்ந்து போனால் ஈரம் போதவில்லை. புழுவைப் பார்த்துப் பயந்து தொட்டியையே தூக்கி எறிபவர்கள் உண்டு. பெரிதாகத் தெரியும் அந்தச் சாம்பல் நிறப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயுடையவை. கழிவைத்தான் தின்னும், கடிக்காது. அவை பெருகினால் ஈரம் கூடுதல் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

ஊராட்சி உரக்கூடத்தில் கணக்கு வேறு. ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியலில் சூடு நிற்காது. ஆகவே வீட்டுத் தொட்டி பெரும்பாலும் கைச்சூட்டிலேயே வேலை செய்யும். கோழி, ஆட்டுக் கழிவில் வரும் கிருமி சாகவும் களைவிதை முளைக்காமல் போகவும் 55 டிகிரி வேண்டும். திறந்தவெளி வரிசைக் குவியலில் அந்தச் சூடு 15 நாள் நிற்க வேண்டும், அந்தக் காலத்துக்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். உயரம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் போதும். அதற்கு மேல் ஏற்றினால் தன் எடையிலேயே அமுங்கி உள்ளே காற்று நின்றுவிடும். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் ஐந்து நிமிடம் குத்தி வைத்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காமல் சுட்டால் வேலை நடக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் புரட்டும் நேரம் வந்துவிட்டது.

இத்தனை பாடுபட்டு உரம் செய்த பிறகு உழவர் வாங்க மறுப்பதற்கும் காரணம் கலப்புதான். நகர உரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. அதாவது ஒரு டன்னுக்கு 100 கிராம். காட்மியத்துக்கு எல்லை 5 மில்லிகிராம். பழைய பாட்டரி, பெயின்ட் டப்பா, பல்பு என்று தெருவுக்கு ஒன்று ஈரக்கழிவோடு வந்தாலே அந்த நாள் குவியல் கெட்டுப்போகும். கண்ணாடிச் சில்லு இருக்கும் உரத்தில் யார் வெறும் காலோடு இறங்கி வாழைக்கு அணைப்பார்?

"மக்கும்" என்று அச்சிட்ட பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பைகளைச் சோதிப்பது 58 டிகிரிச் சூட்டில், தொழில்முறை உரக்கூடத்துக்குரிய நிலைமையில். உங்கள் தொட்டியில், பார்வதிபுரத்துச் சாக்கடையில், முட்டம் கடலில் அந்தச் சூடு கிடையாது. மண்ணில் எறிந்தாலும் கரைந்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

பிரிக்காமல் கொண்டுபோய்க் கொட்டினால் குப்பைக் கிடங்கில் நடப்பதை நாகர்கோவிலில் இருக்கும் உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை, நகரக் குப்பை போகும் வலம்புரிவிளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். குவியலின் அடியில் காற்று இல்லை. அங்கே ஈரக்கழிவு அழுகும்போது மீத்தேன் வரும். கிடங்கு வாயுவில் ஏறத்தாழப் பாதி அதுதான். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்குவது ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு. மனிதச் செயலால் காற்றில் சேரும் மீத்தேனில் ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது. 2022இல் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன். கல்யாண வீட்டு இலையில் மிச்சம் வைக்கும் பாயசமும் இந்தக் கணக்கில் சேரும்.

மீத்தேனுக்கு எரியப் பிளாஸ்டிக் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் கிடங்குத் தீ மேலே அணைந்து கீழே கனல்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீயை அடக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. மேலே தண்ணீர் பீய்ச்சினால் அது பிளாஸ்டிக் விரிப்புகளின் மேல் வழிந்து ஓடிவிடும், கனலுக்குப் போய்ச் சேராது. போகும் வழியில் கழிவின் சாற்றையும் இழுத்துக்கொண்டு கிணற்றுக்கும் ஓடைக்கும் போகும். எந்திரம் வைத்துக் கிளறி, அடுக்கு அடுக்காகப் பிரித்துப் போட்டு நனைத்து, மண்ணால் மூட வேண்டும். பழைய மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் பணி மழைக்காலத்தில் நின்று நின்று நடப்பதும் இந்த ஈரத்தால்தான். நனைந்த குப்பை உருளைச் சல்லடையின் கண்ணை அடைத்துவிடும். ஒப்பந்தக்காரரைத் திட்டுவதற்கு முன் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லாப் பழியையும் மழை மேல் போட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு என்பது வேறு.

விளையில், அதாவது தோட்டத்தில், சருகோடு பாலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துவது பற்றி இரண்டு வரி. அடுப்பளவு நெருப்பில் சூடு சீராக இருக்காது. பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பொருள் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது காற்றோடு போய்விடுவதில்லை. புல்லில் படிந்து, பசு தின்று, பாலின் கொழுப்பில் சேர்ந்து வீட்டுக்கே திரும்பும். நகரக் குப்பையை எரிக்கும் ஆலைக்கு நம் நாட்டில் 950 டிகிரி, இரண்டு விநாடி என்று விதி வைத்திருப்பது இதைச் சிதைக்கத்தான். விளையில் அந்தச் சூட்டை யாரும் உண்டாக்க முடியாது.

தண்ணீருக்கு வருகிறேன். உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இந்திய இடங்களில் இரண்டு நம் மாவட்டத்தில் இருக்கின்றன: சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூரும். அதே மாவட்டத்தில்தான் பழையாற்றில் சாக்கடை கலந்து மணக்குடிக் கழிமுகத்துக்குப் போகிறது. இதன் கணக்கு எளிது. நம் ஊர் வெப்பத்தில் சுத்தமான நன்னீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக் கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம். சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டர், தன்னிலுள்ள அழுக்கை மக்க வைக்கக் கேட்கும் ஆக்சிஜன் 200 முதல் 300 மில்லிகிராம். நடுவில் 250 என்று வைத்தால், ஒரு லிட்டர் சாக்கடை முப்பத்து மூன்று லிட்டர் ஆற்றுநீரின் மூச்சை முழுதாக எடுத்துவிடும். ஓடும் ஆறு காற்றிலிருந்து கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தால் அதுவும் முடியாது. அந்தச் செடி சாதகமான நிலையில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிக்கும். அதற்குச் சோறு போடுவது சாக்கடையிலும் சோப்பிலும் வயல் உரத்திலும் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும். செடியை மட்டும் வாரிவிட்டுச் சாக்கடை வாயைத் திறந்தே வைத்தால் அடுத்த கார்த்திகையிலும் வாரத்தான் வேண்டும். வாரிய செடியைக் கரையிலேயே போட்டால் அழுகி, அதே சத்து மழையோடு குளத்துக்குள் திரும்பிவிடும். கரையைத் தாண்டி எடுத்துப்போய் உரக்குவியலில் சேர்க்க வேண்டும். இப்படி ஆக்சிஜன் வற்றிய கடற்பகுதிகள் உலகில் 400க்கு மேல் இருப்பதாக 2008இலேயே அறிவியலாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். பால்டிக் கடலிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் நடப்பதும் நம் குளத்தில் நடப்பதும் ஒரே வேதியியல்.

இயற்கைப் பொருள் என்றால் தண்ணீருக்குக் கேடில்லை என்ற எண்ணமும் தவறு. கழிமுகத்தில் கதம்பையை மாதக்கணக்கில் ஊறப்போட்டால் நீர் கருத்து, ஹைட்ரஜன் சல்பைடும் பீனாலும் சேர்ந்து மீன் குஞ்சு அண்டாது. ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில் ஆசிட் விட்டுப் பாலைத் திரித்த பின் மிஞ்சும் நீரும் அப்படியே. அதை ஓடையில் விடாமல் குழியில் தேக்கி, சுண்ணாம்பால் புளிப்பை மாற்றிய பின்பே வெளியே விட வேண்டும்.

இனி மக்காத குப்பை. 2019இல் உலகில் 35 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் கழிவானது. அதில் மறுசுழற்சியாகி முடிந்தது 9 சதவீதம். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், பிளாஸ்டிக் என்பது ஒரு பொருள் அல்ல. ஒரு வாளித் தண்ணீர் போதும், பார்க்கலாம். பால் கவரும் ஷாம்பு புட்டியும் பாலி எத்திலீன், பெரும்பாலான புட்டி மூடி பாலி புரோப்பிலீன் அல்லது பாலி எத்திலீன். இவை இரண்டும் மிதக்கும். தண்ணீர் புட்டி பெட் (PET), குழாய்த் துண்டு பி.வி.சி. இவை மூழ்கும். மூழ்கும் இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் எமன். பெட்டை உருக்க 260 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும். பத்து லட்சத்தில் 50 பங்கு கலந்திருந்தாலே பெட் மஞ்சளாகி, இழுத்தால் அறுந்துபோகும். இரண்டும் மூழ்குவதால் தண்ணீரில் பிரிக்கவும் முடியாது. அரிசியில் மண்ணெண்ணெய் சிந்திய மாதிரி, அளவு சிறிது, கெடுவது முழுவதும்.

சிப்ஸ் பாக்கெட்டை எந்த ஆக்கர் கடையும் எடுக்காது, பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது என்பதால். அதற்கு இப்போது இருக்கும் வழி சிமென்ட் ஆலைச் சூளை. சூளைக்காரர் கேட்பது காய்ந்த பொருள், குளோரின் குறைந்த பொருள். குழம்பு ஒட்டிய பாக்கெட்டில் ஈரம் கூடினால் எரிசக்தி குறையும், உப்பு கூடினால் சூளையில் படிவு கட்டும். ஆகவே பாக்கெட்டைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிக் காயவைத்துக் கொடுப்பதுதான், அது எரிபொருளாகப் போவதா கிடங்குக்குப் போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பிளாஸ்டிக் சாலையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பிளாஸ்டிக்கை இரண்டரை முதல் நாலேமுக்கால் மில்லிமீட்டர்த் துண்டாக நறுக்கி, 160 முதல் 170 டிகிரி சூடான ஜல்லி மேல் தூவினால் உருகி மேலே பூசிக்கொள்ளும். பிறகு தார். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக். ஒற்றைத்தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் போகும். இங்கும் பி.வி.சி. ஆகாது, விஷப்புகை வரும். பெட் அந்தச் சூட்டில் உருகாது, துண்டாகவே நிற்கும். நல்ல நுட்பம்தான். ஆனால் சாலை போட்டே பிளாஸ்டிக்கைத் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் மாவட்டத்தில் வருடம் எத்தனை கிலோமீட்டர் புதிதாகப் போடுகிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டு வரட்டும்.

கடலுக்கு வருவோம், மீனவ நண்பர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி வந்து குமரி முனையைச் சுற்றுகிறது. வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், வங்கக் கடல் நீர் இலங்கையைச் சுற்றி மேற்கே வந்து வடக்கே ஏறுகிறது. ஆகவே இரண்டு கரைக் குப்பைக்கும் நாம் வழியில் இருக்கிறோம். நம் குப்பையும் இரண்டு பக்கமும் போகிறது. களியக்காவிளையில் சோதனைச் சாவடி போடலாம், நீரோட்டத்துக்குப் போட முடியாது.

2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதற்கு முந்தைய நாள்தான் கேரளத்தில் பருவமழை தொடங்கியிருந்தது. கப்பலில் இருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையைத் தாண்டி நம் கரைக்கு வந்தன. இதே வகைக் குருணை 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் சுமார் 1,680 டன் இருந்தது. எல்லாப் பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருள் இது. ஒரு குருணை ஐந்து மில்லிமீட்டருக்குள், எடை சுமார் 25 மில்லிகிராம். 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் பத்து லட்சம் குருணை. தண்ணீரில் கரைந்திருக்கும் பூச்சிக்கொல்லி எச்சம் போன்ற நஞ்சுகள் அதன் மேல் ஒட்டிச் சேர்கின்றன, சுற்றியுள்ள நீரைவிட லட்சம் மடங்குக்கும் மேலான அடர்த்தி வரை. மீன் முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கும்.

மறுபடி இப்படி வந்தால் செய்ய வேண்டியது இது. உயர் அலை விட்டுப்போன கோட்டில்தான் குருணை ஒதுங்கும். அடுத்த அலை ஏறுவதற்குள் அந்தக் கோட்டை முதலில் எடுங்கள். ஜே.சி.பி. இறக்க வேண்டாம், சக்கரம் அதை ஆழத்துக்கு அமுக்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையும் இருக்கும். மேலே இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் வாரி எடுத்துத் தார்ப்பாயில் உலர்த்துங்கள், ஈர மணல் சல்லடையில் இறங்காது. எட்டு மில்லிமீட்டர்க் கண் சல்லடையில் சிப்பியும் குச்சியும் நிற்கும். அடுத்து இரண்டு மில்லிமீட்டர்க் கண், மணல் கீழே போய்க் குருணை மேலே நிற்கும். கூடவே நிற்கும் பரல்களைப் பிரிக்க ஒரு வாளித் தண்ணீர். மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கனமான தாதுக்கள், உடனே அடியில் உட்கார்ந்துவிடும், குருணை மிதக்கும். வழிந்த நீரைத் துணியில் வடிகட்டிய பிறகுதான் கொட்ட வேண்டும். கையுறை கட்டாயம். சேர்த்ததைச் சாக்கில் அல்ல, கிழியாத பையில் இரட்டையாகக் கட்டி வையுங்கள்.

கப்பல்காரர் செய்ய வேண்டியதும் எழுதப்பட்டிருக்கிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024இல் பரிந்துரை வெளியிட்டது: கிழியாத பொதி, ஆவணத்தில் தெளிவான அடையாளம், தளத்துக்குக் கீழே அல்லது அலை படாத உள்பக்கத்தில் அடுக்குதல். பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பிளாஸ்டிக்குக்கென உலக உடன்படிக்கை செய்ய 2022இல் நைரோபியில் முடிவெடுத்தார்கள். பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு எட்டாமலே கலைந்தார்கள். உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டுமா, கழிவைக் கையாண்டால் போதுமா என்பதுதான் முக்கியமான இழுபறி. எண்ணெய் விற்கும் நாடுகள் இரண்டாவது பக்கம். நாம் வீட்டில் எவ்வளவு பிரித்தாலும், பிரிக்கவே முடியாதபடி ஒட்டிச் செய்த பாக்கெட்டைத் தயாரிப்பவரை யாராவது நிறுத்தியாக வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாகப் பழைய வலை. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் நான்கு துறைமுகத்திலும் கிழிந்த வலை குவிந்து கிடக்கிறது. கடலில் விட்டால் அது ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். கரையில் குவித்தால் மழைக்குக் கடலுக்கே திரும்பும். நைலான் வலை மறுசுழற்சிக்கு நல்ல சரக்கு, ஆனால் ஒரே வகையாக இருந்தால்தான். மேல் கயிறு பாலி புரோப்பிலீன், மிதப்பு வேறொரு பொருள், அடியில் ஈயக்குண்டு, வலைக்கண் நைலான் என்று ஒரே வலையில் நான்கு இருக்கின்றன. ஈயத்தைக் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள், அதற்குத் தனி விலை உண்டு. கயிற்றையும் மிதப்பையும் அறுத்து எடுங்கள். மிச்சமிருப்பதில் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி, ஒட்டிய காற்றுக்குமிழி போன பின் கையை விடுங்கள். மூழ்கினால் நைலான், மிதந்தால் பாலி எத்திலீன். தனித்தனியாகக் கட்டுங்கள். உப்பும் மணலும் போக நன்னீரில் ஒருமுறை உதறிக் காயவைத்தால் எடையில் பிடித்தம் குறையும். ஒரு வள்ளத்து வலைக்காக வியாபாரி லாரி கொண்டுவர மாட்டார். துறைமுகத்திலேயே கூரை போட்ட ஓர் இடம் ஒதுக்கி, ஐம்பது வள்ளத்து வலையை ஒன்றாகச் சேர்த்து எடை போட வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மீன்வளத் துறையிடம் எழுத்தில் கேட்க வேண்டியது அந்தக் கூரையையும் ஒரு தராசையும்தான்.

வணக்கம்.